விழித்திரையின் அருநோய்களும் அவற்றைக் காட்டும் ஒளிக்கருவிகளும்

‘மாலைக்கண்’ என்னுஞ் சொல் எம்மவர் நாவிற் பன்னெடுங்காலமாகப் பழகியது. பொழுது சாய்ந்தபின் வழி தெரியாது தடுமாறுவோனை மாலைக்கண்ணன் என்று பெயரிட்டு, முருங்கையிலையும் பொன்னாங்காணியும் ஆட்டீரலும் கொடுங்கள் என்று கூறுதல் எங்கள் முதியோர் வழக்கம். இவ்வழக்கம் பழுதன்று. உடம்பிலே விற்றமின் ஏ குறையுமாயின், மங்கிய ஒளியிற் பார்க்க உதவும் கோற்கலங்கள் தமக்கு வேண்டிய நிறப்பொருளை ஆக்கமாட்டாது சோர்ந்துவிடும். அவ்விற்றமினை ஊட்டவே பார்வை விரைவில் மீளும். எங்கள் பனம்பழத்தின் களிக்கு மஞ்சள் நிறம் ஈயும் பொருள்களுள்ளும் இவ்விற்றமினாக மாறத்தக்கவை உள. ஆயின், இதே பெயரின் நிழலில் வேறொரு நோயும் நெடுங்காலம் ஒளிந்திருந்தது. அதற்கு முருங்கையிலை மருந்தன்று, ஈரலும் மருந்தன்று. ‘ரெற்றினைற்றிஸ் பிக்மென்ரோசா’ என வைத்தியர் வழங்கும் அந்நோயைத் தமிழில் நிறமி விழித்திரை நோய் எனலாம். உலகப் பொதுவில் ஏறத்தாழ 4000 பேருக்கு ஒருவரிடத்துக் காணப்படும் இந்நோய், தென்னிந்தியாவில் அதனினும் மிகுதியாக உளதென்பது அங்கு நடந்த ஆய்வுகளாற் புலனாகியது.

இக்கட்டுரையை எழுதுபவன் கண் வைத்தியனல்லன், பௌதிகம் கற்பித்தவன். எனினும் இப்பொருளில் எனக்கு ஓர் ஈடுபாடு உண்டாயிற்று. அதன் காரணத்தை முதற்கண் கூறிவிடல் நன்று.

1990ஆம் ஆண்டிலிருந்து குடாநாட்டில் மின்சாரம் இல்லாத காலம் ஒன்று இருந்தது. மாணாக்கர் ஜாம்போத்தல் விளக்கின் திரிச்சுடரிற் படித்தனர். அவ்வாண்டுகளில் என்னிடம் பயின்ற மாணவன் ஒருவன் பகலிலே கணக்குகளைத் திருத்தமாகச் செய்வான். மாலை வகுப்பிலோ எழுதிய வரியின் மேலேயே திரும்பவும் எழுதுவான். பதுங்குகுழியில் இறங்கும்போது படியைத் தவறவிட்டு விழுவான். பக்கத்தில் நீட்டிய புத்தகத்தைக் காணாது முன்னே பார்த்துக்கொண்டு நிற்பான். கவனமின்மை என்று யான் அவனைக் கடிந்தேன். ஊர் முழுவதும் இருளிற் கிடந்தமையால், அவன் இருள் வேறென்பது ஒருவருக்கும் தோன்றவில்லை. 2002இற் பாதை திறந்தபின் கொழும்பிற்குக் கொண்டுசென்று காட்டியபோதுதான் நோயின் பெயர் தெரிந்தது. அப்பொழுது அவன் இருபதைக் கடந்த இளைஞன். கண்ணின் ஓரப் பார்வை பெரும்பாலும் போய்விட்டது. கடிந்த பிழை என்னுடையது; அதனை இன்றும் மறந்திலேன்.

இனி விடயத்துக்கு வருவாம். விழித்திரை என்பது கண்ணின் உட்புறத்தே பின்பக்கத்தை மூடிய மெல்லிய நரம்பிழையம். அதன் தடிப்பு ஒரு மில்லிமீற்றரின் காற்பங்களவே. அத்துணை மெல்லிய திரையினுள்ளே பத்துப் படைகள் அடுக்காக அமைந்துள்ளன. வெளிப்புறத்தில் ஒளியை உணருங் கலங்களாகிய கோல்களும் கூம்புகளும் உள. அவற்றைப் போற்றி ஊட்டும் நிறமிப் படை அவற்றின் பின்னே உளது. கூம்புகள் நடுவிலுள்ள மஞ்சட்பொட்டிற் செறிந்திருந்து எழுத்தையும் முகத்தையும் நிறத்தையும் காட்டுவன. கோல்கள் சுற்றுப்புறத்திற் பரந்திருந்து இருளில் வழிகாட்டுவன. உயிருள்ள மனிதனின் உடம்பிலே, தோலைக் கீறாது குருதிக்குழாய்களையும் நரம்பையும் நேரே காணக்கூடிய இடம் இஃதொன்றே. ஆயினும் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை அதனை எவரும் செவ்வனே கண்டிலர். கண்மணி கரிதாகவே தோன்றிற்று.

அது கரிதாகத் தோன்றுவதேன்? கண்ணுட் புகுந்த ஒளி, வந்த வழியே திரும்பி ஒளிமுதலையே சேர்கின்றது. அதனைக் காண விரும்புவோன் தன் கண்ணை அவ்வழியில் வைப்பானாயின், அவன் தலையே ஒளியை மறைத்துவிடும். கேனிக்சுபேர்க்கிலே உடற்றொழிலியற் பேராசிரியராயிருந்த எல்மோல்ற்சு இதனைத் தம் மாணாக்கருக்கு விளக்க முற்பட்டபோது, சாய்த்து வைத்த கண்ணாடித் தகடுகளால் ஒளியைப் பக்கத்திலிருந்து கண்ணுட் செலுத்தி, அத்தகடுகளினூடாகவே நோக்கினார். உயிருள்ள விழித்திரை அவருக்குத் தெரிந்தது. 1851இல் அவர் தம் கருவியை நூல்வாயிலாக வெளியிட்டார். அஃதே காலத்தில், 1847இல் யாழ்ப்பாணம் வந்த சாமுவேல் பிஸ்க் கிறீன் மானிப்பாயிலிருந்து மேலைநாட்டு வைத்தியத்தைத் தமிழிற் கற்பித்தும் வைத்திய நூல்களைத் தமிழாக்கியும் வந்தார் என்பதை ஈண்டு நினைவுகூர்தல் பொருந்தும். விழித்திரை பற்றித் தமிழில் எழுத முயலும் எவனும், உடலியற் சொற்களைத் தமிழில் ஆக்கலாம் என்று முன்னரே காட்டிய அவ்வைத்தியருக்குக் கடன்பட்டவன்.

கண்டதை வரைந்து வைத்தல் ஒன்று. ஒளிப்படமாகப் பதித்தல் வேறொன்று. 1886இல் இங்கிலாந்தில் ஜாக்மன், வெப்ஸ்ரர் என்னுமிருவர் உயிருள்ள மனிதக் கண்ணின் உட்பக்கத்தைப் படம்பிடித்தபோது, கருவியை நோயாளியின் தலையோடு கட்டி, இரண்டரை நிமிடம் ஒளியூட்ட வேண்டியிருந்தது. கண்ணிமையாமல் இரண்டரை நிமிடம் இருப்பது தவசிகளுக்கும் எளிதன்று. 1961இல் அமெரிக்காவின் இந்தியானாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நொவொற்னி, அல்விஸ் என்னும் இளைஞர் இருவர் வேறொரு வழி கண்டனர். புளோரெசின் என்னும் சாயத்தைக் கைநாளத்திற் செலுத்தினால், அது சில செக்கன்களில் விழித்திரைக் குழாய்களை அடையும். நீல ஒளி பட்டவுடன் பச்சை மஞ்சளாக ஒளிரும். முதலிற் படம்பிடிக்கப்பட்ட கண் அல்விசின் கண்ணே. அவர்கள் எழுதிய கட்டுரையைக் கண் வைத்திய இதழ் ஏற்க மறுத்தமையால், இருதய நோய்க்குரிய இதழொன்றில் அது வெளிவந்தது. அறிஞர் சபை மறுத்தது என்பதற்காக ஒரு கருத்தைத் தள்ளிவிடலாகாது என்பதற்கு இதுவும் ஓர் எடுத்துக்காட்டு.

இச்சாயப் படம் தமிழருக்கு மிக அணுக்கமான ஒரு நோயைக் காட்டித் தந்தது. பேர்மிங்காமைச் சேர்ந்த கென்றி ஈல்சு 1880இல் விவரித்தமையால் ஈல்சு நோய் எனப்படும் அது, மேனாட்டில் இன்று அரிது; இந்தியத் துணைக்கண்டத்திலோ அவ்வளவு அரிதன்று. இருபதுக்கும் நாற்பதுக்கும் இடைப்பட்ட ஆடவரே பெரும்பாலும் அதற்கு ஆளாவர். உடல் நலத்தோடிருக்கும் இளைஞன் ஒருவன் திடீரெனக் கண்முன் சிலந்திவலைபோலக் கரிய இழைகள் மிதக்கக் காண்பான்; விழித்திரையின் ஓரத்தில் நாளங்கள் அழற்சியுற்றுக் குருதி கசிந்தமையே காரணம். சாயப் படத்திற் கசியும் நாளங்களும், குருதி செல்லாது இருண்டு கிடக்கும் பகுதிகளும் வேறுவேறாகத் தெரியும். இலேசர் ஒளியை எங்கே செலுத்தவேண்டும் என்பதை வைத்தியர் அதனைக் கொண்டே துணிவர். 1978இல் சென்னையில் நிறுவப்பட்ட சங்கர நேத்திராலயத்தின் ஆய்வாளர் இந்நோயாளரின் கண்ணிழையத்திற் காசநோய்க் கிருமியின் பரம்பரைப் பொருளைக் கண்டு 2000ஆம் ஆண்டில் வெளியிட்டனர்.

ஒளிப்படமும் சாயப்படமும் விழித்திரையை மேலிருந்து காட்டுவன. வானூர்தியிலிருந்து வயலைப் பார்ப்பவனுக்குப் பயிர் தெரியும். மண்ணின் படைகள் தெரியா. கிணறு வெட்டும்போது அகழியின் பக்கத்தில் மேல்மண், களி, சுண்ணக்கல் எனப் படைபடையாகத் தெரிவதுபோல விழித்திரையின் குறுக்குவெட்டைக் காண்பதாயின், முற்காலத்தில் இறந்தவரின் கண்ணையே அறுத்து நுணுக்குக்காட்டியில் வைக்கவேண்டும். இந்நிலையை மாற்றியது 1991இல் மசச்சூசெற்ஸ் தொழினுட்பக் கழகத்தைச் சார்ந்த ஜேம்ஸ் புஜிமொற்றோ, டேவிட் குவாங் முதலியோர் வெளியிட்ட கருவி. அதனை ஓ. சி. ரி. என மூன்றெழுத்தாற் குறிப்பர். பௌதிக மாணாக்கர் அதன் தத்துவத்தைக் கூர்ந்து கவனித்தல் வேண்டும். ஏனெனில் அது பாடப்புத்தகத்துள் உளது.

எங்கள் மீனவர் கடலின் ஆழத்தை ஒலியால் அளக்கும் கருவியை அறிவர். ஒலி சென்று அடித்தளத்திற் பட்டு மீளும் நேரத்தை அளந்தால் ஆழம் தெரியும். ஒளியாலும் அவ்வாறு அளக்கலாம் எனத் தோன்றும். ஆனால் ஒளியின் வேகம் செக்கனுக்கு 3,00,000 கிலோமீற்றர். விழித்திரையிற் பத்து மைக்கிரன் தடிப்பை அது கடக்கும் நேரமோ, ஒரு செக்கனைக் கோடிகோடிக் கூறாக்கினால் அவற்றுள் நான்கைந்து கூறே. அதனை அளக்கவல்ல மணிக்கூடு இல்லை. ஆகவே நேரத்தை அளக்காது, தலையீட்டைக் கொண்டு அறிகின்றனர். மைக்கல்சனின் தலையீட்டுமானியை நினைவிற் கொள்க. ஓர் ஒளிக்கற்றை அரைவெள்ளி பூசிய ஆடியில் இரண்டாகப் பிரிகின்றது. ஒரு கூறு கண்ணுக்குச் செல்கின்றது. மற்றையது தூரம் தெரிந்த ஓர் ஆடிக்குச் செல்கின்றது. இரண்டும் மீண்டுவந்து கூடுகின்றன. சோடிய விளக்கைப்போல ஒரே நிறமுடைய ஒளியாயின் பாதை வேறுபாடு பெரிதாயினும் தலையீடு நிகழும். இங்கோ, பல அலைநீளங்கள் கலந்த செந்நிறக்கீழ் ஒளியை வேண்டுமென்றே எடுத்துக்கொள்கின்றனர். அத்தகைய ஒளியில், இரு பாதைகளும் சில மைக்கிரனுக்குள் சமமாயிருந்தாலன்றித் தலையீடு தோன்றாது. எனவே, ஆடி நிற்கும் தூரத்துக்கு ஒத்த ஆழத்திலிருந்து தெறித்த ஒளியே குறியாக வெளிப்படும். ஏனைய ஆழங்களின் ஒளி வெறும் மங்கலாக ஒழியும். ஆடியைச் சிறிது சிறிதாக நகர்த்த, ஆழம் ஒவ்வொன்றாகத் தெரியவரும். ஒளியின் குறைபாடாக நாம் வகுப்பிற் கூறும் ஒன்றை, அளவுகோலாக மாற்றிய இவ்வுபாயம் என் மனத்தை மிகவுங் கவர்ந்தது. பிற்காலக் கருவிகளில் ஆடி அசைவதில்லை. மீளும் ஒளியை நிறமாலையாகப் பிரித்துக் கணித முறையால் எல்லா ஆழத்தையும் ஒருங்கே அறிகின்றனர். ஐந்து மைக்கிரனளவான நுட்பம் இன்று சாதாரணம். மயிரொன்றின் தடிப்பு அதனிற் பன்மடங்காகும். நோயாளி செய்யவேண்டியதெல்லாம் நாடியைத் தாங்கியில் வைத்து ஒரு புள்ளியைப் பார்த்திருத்தலே, ஊசியுமில்லை, நோவுமில்லை.

அப்படத்தில் ஒளிக்கலங்களின் வரிசையை ஒட்டி ஒரு வெண்கோடு ஓடுகின்றது. அக்கலங்களின் இழைமணிகள் செறிந்த பகுதியிலிருந்து அது தோன்றுகின்றது என்பர். இக்கோட்டின் முறிவே பல அருநோய்களின் முதற் சாட்சி. எங்களுக்கு நெருங்கிய ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவேன். 2010 தை 15ஆந் திகதி நண்பகலின்பின் குடாநாட்டின் மேல் கங்கண சூரிய கிரகணம் ஏறத்தாழப் பத்து நிமிடம் நிலைத்தது. 2019 மார்கழி 26இல் மற்றொன்று காலைப்பொழுதில் நிகழ்ந்தது. கங்கண கிரகணத்தில் ஞாயிறு முற்றாக மறைவதில்லையாதலின், வெறுங்கண்ணால் நோக்கத்தக்க கணம் ஒன்றேனும் அதில் இல்லை. நோக்கியவனுக்கு அப்போது நோவு தோன்றாது; சில மணி கழித்து எழுத்தின் நடுவே சிறு மறைவு தோன்றும். வைத்தியர் கண்ணுள் நோக்கினால் ஒன்றும் புலப்படாமலும் போகலாம். ஓ. சி. ரி. படத்திலோ மஞ்சட்பொட்டின் நடுவே அவ்வெண்கோடு கத்தரித்தாற்போல் அறுந்திருக்கும். 2017 ஆகஸ்ற் 21இல் அமெரிக்காவில் நிகழ்ந்த கிரகணத்தைச் சில செக்கன் வெறுங்கண்ணால் நோக்கிய இளம்பெண் ஒருத்தியின் கண்ணை, கூம்புகளைத் தனித்தனியே காட்டவல்ல இன்னொரு கருவியால் நியூயோர்க் வைத்தியர் படம்பிடித்தபோது, எரிந்த தழும்பு பிறைவடிவில் இருந்தது. அன்று அவ்விடத்தில் ஞாயிறு பிறையாகவே தெரிந்தது. தான் பார்த்ததன் வடிவையே கண் தன்னுட் பொறித்துக்கொண்டது.

நிறமி விழித்திரை நோயில் இக்கோடு நடுவில் முறிவதில்லை; ஓரங்களிலிருந்து தேய்கின்றது. முதலிற் கோல்கள் மடிகின்றன. அதனாலே இரவுப் பார்வை கெடுகின்றது. பின்னர்ப் பார்வைப் புலம் சுருங்கிக் குழாயினூடு நோக்குவதுபோலாகின்றது. பழைய நூல்கள் கூறும் அடையாளங்கள், அதாவது எலும்புச் சிதறல்போன்ற கரும்புள்ளிகளும் மெலிந்த நாடிகளும் வெளிறிய நரம்புத் தட்டும், நோய் முதிர்ந்தபின்னரே தெளிவாகும். என் மாணவனுடைய கண்ணைப் பதினான்காம் வயதில் எவரேனும் சாதாரண கருவியாற் பார்த்திருந்தாலும் நோய் வெளிப்படாது போயிருத்தல் கூடும். இன்று இரு வழிகள் உள. ஒன்று மேற்கூறிய வெண்கோடு. மற்றையது, 1995இல் இலண்டன் மூர்பீல்ட்சு வைத்தியசாலையினர் வெளியிட்ட தன்னொளிர்வுப் படம். சாயம் எதுவும் ஏற்றாமலே, நிறமிப் படையில் தேங்கிய கழிவுப் பொருள் தானே மெல்லென ஒளிர்வதை அது பதிவு செய்கின்றது. இந்நோயாளர் பலரின் மஞ்சட்பொட்டைச் சூழ ஓர் ஒளிவளையம் தெரியும். வளையத்தினுள் உயிருள்ள கலங்கள். வெளியே மடிந்த நிலம். ஆண்டுதோறும் வளையம் ஒடுங்கும் வேகத்தைக்கொண்டு, எஞ்சிய பார்வை எத்துணைக் காலம் நிற்கும் என வைத்தியர் ஒருவாறு மதிப்பிடுவர்.

இதற்கு நேர்மாறானது ஸ்ரார்காட் நோய். காள் ஸ்ரார்காட் என்பார் ஸ்ற்றாஸ்பேர்க்கிலிருந்து 1909இல் விவரித்த இது பள்ளிப் பருவத்திலே நடுப்பார்வையைத் தாக்கும். குழந்தை ஓடி விளையாடும், இருளிலும் நடக்கும், கரும்பலகை எழுத்து மட்டும் தெரியாது. மூக்குக்கண்ணாடி மாற்றி மாற்றிப் போட்டும் பயன் இராது. தொடக்கத்தில் வைத்தியருக்கும் விழித்திரை பழுதற்றதாகத் தோன்றுமாதலால், படிக்க மனமின்றி நடிக்கின்றாள் என்ற பழியைச் சுமந்த பிள்ளைகள் உலகெங்கும் உளர். தன்னொளிர்வுப் படத்திலோ கழிவுப் பொருளின் மிகை முதலிலேயே பளிச்சிடும். அதன் காரணமும் 1997இற் புலனாயிற்று. பார்வையின் வேதிச் சுழற்சியில் விற்றமின் ஏயின் வழிப்பொருளை அகற்றும் புரதம் ஒன்று பழுதுபட, அப்பொருள் நஞ்சாகத் தேங்குகின்றது. ஆகையால் இந்நோயாளர்க்கு விற்றமின் ஏ குளிசைகளை மிகையாகக் கொடுத்தல் தகாது என வைத்தியர் விலக்குவர். ஒரு நோயில் உயிர்மருந்தானது பிறிதொன்றில் விலக்கப்படுகின்றது. கண்ணிலே குறையென்றதும் குளிசை வாங்கும் பழக்கம் உடையோர் இதனைக் கருதுவாராக.

இவ்விரு நோய்களும் பரம்பரையலகின் பிழையால் வருவன. ஸ்ரார்காட் நோயும், நிறமி நோயின் ஒரு பெரும் வகையும், தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக இரு பிழைகள் கூடினாலன்றி வெளிப்படா. ஒரு பிழையை மட்டும் காவுவோர் பார்வையிற் குறைவிலர். இங்கே எம் மணமுறை குறுக்கிடுகின்றது. காணி பிறத்தியாரிடம் போகாதிருக்கவும், பழகிய குடும்பத்துள் பெண் வாழவும், மச்சானுக்கும் மச்சாளுக்கும் மணம் முடித்தல் எங்களிடை நெடுங்கால வழக்கு. ஒருவன் ஒரு பிழையைக் காவுவானாயின், அவன் மச்சாளும் அதனையே காவும் வாய்ப்பு எட்டில் ஒன்று. அயலாளாயின் அது மிகச் சிறிது. இருவரும் காவினால், ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. சொந்தத்துள் மணந்தோர் பெரும்பாலார் நலமான பிள்ளைகளையே பெறுகின்றனர் என்பதும், அயலாரை மணந்தோர் வீட்டிலும் இந்நோய் தோன்றுகின்றது என்பதும் உண்மை. மணம் பிழையை உண்டாக்குவதில்லை. பிரிந்து கிடந்த இரண்டை ஒன்றுகூட்டுகின்றது, அவ்வளவே. ஆதலின், ‘தாய்வழிக் குறை’ என்று பெண்ணின்மேற் பழியை ஏற்றும் எங்கள் வாய்ப்பேச்சுக்குக் கணக்கிலே இடமில்லை. பாதி தந்தையுடையது.

நோயைக் கண்டறிந்து என்ன பயன், மருந்தில்லையே என்று வினவுவர். 2017 வரை அவ்வினாவுக்கு விடை எளிதன்று. அவ்வாண்டு மார்கழியில், ஆர்பியீ 65 என்னும் பரம்பரையலகின் பழுதால் வரும் குழந்தைப்பருவப் பார்வைக்கேட்டுக்கு, நல்ல அலகை விழித்திரையின் கீழே செலுத்தும் சிகிச்சையை அமெரிக்க அரசு அனுமதித்தது. இரு கண்களுக்கும் விலை 8,50,000 டொலர் என அறிவிக்கப்பட்டது; எங்கள் நாட்டு நோயாளி எண்ணிப் பார்க்கவும் இயலாத தொகை. ஆயினும் அதன் நிபந்தனை கவனிக்கத்தக்கது. விழித்திரையின் பின்முனைப் பகுதியில் 100 மைக்கிரனுக்கு மேற்பட்ட தடிப்பு எஞ்சியிருப்பதை ஓ. சி. ரி. காட்டினாலன்றி அச்சிகிச்சை பொருந்தாது. மடிந்த கலத்துக்கு நல்ல அலகைக் கொடுத்துப் பயனில்லை. காலந்தாழ்த்து வருபவனுக்கு மருந்து இருந்தும் இல்லை.

கண்தானம் பற்றியும் ஒரு சொல். கட்சன் சில்வா 1961இல் நிறுவிய இலங்கைக் கண்தான சங்கத்தால் இந்நாடு உலகெங்கும் புகழ்பெற்றது. தானமாகப் பெறும் கண்ணிலிருந்து மாற்றிவைப்பது முன்புறத்துத் தெளிந்த படலத்தையே, விழித்திரையை அன்று. பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட நரம்பிழைகளால் மூளையோடு பிணிக்கப்பட்ட அதனை எடுத்து ஒட்டுதல் இன்றைய கைவண்மைக்கு அப்பாற்பட்டது. தன் கண்ணொன்றைத் தருவதாகக் கூறி வந்த தாய்மாருக்கு இதனை விளக்குவது வைத்தியர்க்குத் துயரான கடமை.

ஆசிரியர் கைக்கு எட்டியவை கருவிகளல்ல, சில குறிகளே. வெளியே வெயிலில் நின்ற பிள்ளைகள் கோயில் மண்டபத்துள் நுழையும்போது, ஏனையோர் நடக்க, ஒருவன் மட்டும் தூணைப் பற்றி நெடுநேரம் நிற்கின்றானா? பக்கத்திலிருந்து வீசிய பந்து பலமுறை அவன்மேற் படுகின்றதா? கண்ணாடியணிந்தும் ஒருத்தி புத்தகத்தைச் சாய்த்து ஓரக்கண்ணால் வாசிக்கின்றாளா? வீட்டில் இதேபோன்ற மாமனோ பெரியம்மாவோ உண்டா? இவற்றுள் ஒன்று ‘ஆம்’ எனின், விழித்திரை வைத்தியரிடம் அனுப்புதல் தகும்.

என் மாணவன் இன்று நாற்பதைக் கடந்தவன். சொந்தத்துக்கு வெளியே மணந்து இரு பிள்ளைகளுக்குத் தந்தையானவன். அவர்கள் ஒவ்வொரு பிழையைக் காவுவர். நோய் வருதல் அரிது. சென்ற ஆண்டு தன் கண்படங்களை என்னிடம் கொண்டுவந்தான். முதிர்ந்த பிலாக்கொட்டையளவில் ஒரு மங்கல் வளையமும், குறுக்குவெட்டிலே குறுகிய ஒரு வெண்கோடும் அத்தாளில் இருந்தன. அக்கோட்டின் இரு முனைகளையும் விரலாற் காட்டி, இதற்குள்ளேதான் இப்போது பத்திரிகை வாசிக்கின்றேன், சேர் என்றான். முந்திய படத்தோடு ஒப்பிட்டோம். மூன்று ஆண்டில் மிகச் சிறிதே குறைந்திருந்தது.